சட்டை போட்டுக்கொண்டு வந்த அம்பலகாரர்

புதிதாக வார்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் மருந்துப் புத்தகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாங்கள் படித்த காலத்தில் அவ்வளவு தடிமனான புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனால் பக்கவிளைவுகள் என்று அதில் ஒரு பத்தி வருகிறதே, அதை நீங்கள் ஒப்பிக்கிற வேகத்தைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. குமட்டல், கால் வீக்கம், மார்பு பெருத்தல் என்று ரயில் ஸ்டேஷன் பெயர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போகிறீர்கள். சொல்லி முடித்ததும் பரீட்சையில் மார்க் கிடைத்துவிடும். சரி, அந்த மார்பு யாருடையது, அதை வைத்துக்கொண்டு அந்த ஆள் நாளைக்கு எங்கே போய் நிற்க வேண்டும் என்று ஒருத்தியாவது கேட்டீர்களா?

கேட்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஓர் அம்பலகாரர். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நம் புதுக்கோட்டை, திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. நான் திருக்கோகர்ணத்துக்காரி. வேலை கிடைத்ததோ பொன்னமராவதிப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு கம்பவுண்டர், அவ்வளவுதான் நாங்கள். டாக்டர் முன்கோபக்காரர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். கண்ணாடி மேசைக்குப் போனால் நாங்கள் வெளியே போய்விடுவோம். ஆனால் நோயாளியின் மேல் அந்தக் கோபம் பாய்ந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பேர் சின்னையா. பக்கத்துக் கிராமத்து அம்பலகாரர், அதாவது ஊருக்குத் தலைவர். ஆள் தேக்கு மரம் மாதிரி. ஆனால் வண்டிச் சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியதற்கு அவர் போட்ட அலறல் உள்ளே வார்டு வரைக்கும் கேட்டது. இடுப்பும் முதுகும் தொட முடியாத வலி. சிறுநீரும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அவர் மனைவி அடைக்கி, வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்திருந்தாள். புழுதி முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது.

டாக்டர் பரிசோதித்தார், மதுரைக்கு அனுப்பி எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொன்னார். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் புற்று. அது முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டது. அந்தக் காலத்தில் புற்று என்றால் பாடை கட்டச் சொல்கிற மாதிரி. மகன்மார் இரண்டு பேரும் சுவரோரம் போய் நின்று அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

"அழுறத நிறுத்துங்கப்பா," என்றார் டாக்டர். "இந்தக் கட்டி ஆம்பளச் சுரப்பைத் தின்னுதான் வளருது. அந்தத் தீனிய நிறுத்துறதுக்கு மாத்திரை வந்திருக்கு. நோய் அடியோட போகாது. ஆனா அடங்கிக் கெடக்கும்."

ஸ்டில்பெஸ்ட்ரால் என்பது அதன் பெயர். பெண்ணின் சுரப்பை, ஹார்மோன் என்பீர்களே, அதைப் போலச் செய்த மருந்து. உடம்புக்குள் போனால் ஆண் சுரப்பை அடக்கிவிடும். இன்று நீங்கள் கொடுக்கிற மருந்துகள் வேறு. ஆண் சுரப்பு உடம்பில் வேலை செய்யாதபடி நேராகவே தடுக்கிற மருந்துகள் வந்துவிட்டன. பெண்பிள்ளைகளுக்கு மீசைபோல முடி முளைத்தால்கூட அந்த வகையில் ஏதாவது கொடுக்கிறார்கள். சிலவற்றுக்கு ஈரலைக் கவனிக்க வேண்டும், சிலவற்றுக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். எங்களுக்கு அன்று இருந்தது இந்த ஒன்றுதான்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. ஆம்பள சமாச்சாரம் குறைந்துபோகும், மார்பு வலிக்கும், பெருக்கும், கால் வீங்கும் என்று நோயாளியின் காதுபடத்தான் சொன்னார். இரண்டு காலும் வீங்கினால் உப்பைக் குறைக்க வேண்டும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே ஓடி வர வேண்டும் என்றும் சொன்னார். அம்பலகாரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"மாரு வீங்குனா வீங்கட்டும்யா. மண்டையே வீங்குனாலும் சரி. இந்த வலிய மட்டும் எடுத்துருங்க சாமி."

வலியில் கிடக்கிறவனிடம் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். அது சம்மதம் இல்லை, பிள்ளைகளா. வலி போன பிறகு இன்னொரு தரம் உட்கார்த்திவைத்துச் சொல்ல வேண்டும்.

மாத்திரை என்ன வேலை செய்தது தெரியுமா! புரண்டு படுக்கக் கத்தினவர் சில நாளில் தானாக எழுந்து உட்கார்ந்தார். பிறகு கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வராந்தாவில் நடந்தார். வார்டில் இருந்த மற்ற நோயாளிகள் தங்கள் நோயை மறந்துவிட்டு அவரை வேடிக்கை பார்த்தார்கள். அடைக்கி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கோ நானே அந்த மாத்திரையைக் கண்டுபிடித்த மாதிரி பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் தரையில் கால் பாவாமல்தான் நடந்தேன்.

வீட்டுக்குப் போனபிறகு மாதாமாதம் மாத்திரை வாங்க வருவார். வெற்று மார்பும் தோளில் துண்டுமாக வருவார். அவர் சட்டை போட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. வரும்போது நிலக்கடலையோ வெள்ளரிப் பிஞ்சோ கொண்டுவருவார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் முழுக்கைக் கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மேலே துண்டை வேறு குறுக்காகச் சுற்றியிருந்தார். அந்த வெயிலில் எங்களுக்கெல்லாம் தோலையே கழற்றிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

"என்னங்கய்யா, மாப்பிள்ளை முறுக்கு தூக்கலா இருக்கு! யாரு கல்யாணத்துக்குக் கெளம்பிட்டீங்க?" என்றேன்.

சிரிக்கவில்லை. மாத்திரையை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த முறை அவரை மறுபடியும் வண்டியில்தான் கொண்டுவந்தார்கள். அதே வைக்கோல், அதே அலறல். இந்தத் தடவை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கால் இரண்டும் துவண்டு துவண்டு போயின. முதுகெலும்பில் நோய் மறுபடி வளர்ந்து நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் விட்டால் இடுப்புக்குக் கீழே செயலற்று விழுந்துவிடும். பிறகு எந்த மருந்தும் எழுப்பாது.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டதற்கு, "மூணு வேளையும் என் கையாலதான் குடுக்கறேன். தண்ணி குடிக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போவேன்," என்று அடைக்கி சத்தியம் செய்தாள்.

அப்படியென்றால் மருந்து தோற்றுவிட்டது என்றுதான் அர்த்தம். சிலருக்கு அப்படி ஆகும். விதையை அறுத்து எடுக்கிற ஆபரேஷனுக்கு மதுரைக்கு அனுப்ப வேண்டியதுதான். ஏற்கெனவே மாத்திரைக்கு அடங்காத நோய் அதற்கும் அடங்குமா என்பது சந்தேகம். அந்த நிலையில் அவ்வளவு தூரம் வண்டியிலும் பஸ்ஸிலும் கொண்டுபோனால் வழியிலேயே கால் போனாலும் போகும். என்ன செய்வது? டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் வெளியே போகப் பார்த்தேன்.

"எங்க போறீங்க சிஸ்டர்? இங்கிட்டு வாங்க," என்று ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். அம்பலகாரரின் சட்டைப் பொத்தானைக் கழற்றி மார்பில் வைத்தார். இன்னொரு இடத்தில் வைத்தார். பிறகு கட்டைவிரலால் மார்புக் காம்பைச் சுற்றி அழுத்தினார். அம்பலகாரர் முதுகு வலியில் முனகினாரே தவிர, அதற்கு அசையவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. இதற்கு முன் வந்தபோதெல்லாம் அங்கே ஸ்டெதாஸ்கோப் பட்டாலே மனிதர் துள்ளுவார். டாக்டர் வேட்டியை விலக்கிக் கணுக்காலை அமுக்கிக் காட்டினார். குழி விழவில்லை. முன்பு இருந்த வீக்கம் வடிந்துபோயிருந்தது.

வெளியே அழைத்துவந்து சொன்னார்: "மருந்து உள்ள போயிருந்தா அது பண்ற கெடுதலும் கூடவே இருக்கணும். மாரு அளவு கொறயல, ஆனா அதுல நோவக் காணோம், கால் வீக்கத்தையும் காணோம். அப்ப மருந்தும் உள்ள போகல. நான் கேட்டா பொய் சொல்லுவாரு. ஆம்பளைகிட்ட ஆம்பள இதச் சொல்ல மாட்டான். வலியில அவரு அழுதப்ப நீங்கதான் கஞ்சி ஊட்டுனீங்க. நீங்க கேளுங்க."

பக்கவிளைவைப் பார்த்து மருந்தை நிறுத்துகிற டாக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கவிளைவு இல்லாததைப் பார்த்து மருந்து நின்றுபோனதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். இதை மட்டும் நீங்கள் மறக்கவே கூடாது.

முதலில் அடைக்கியிடம் போனேன். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் எதைக் கேட்டாலும் மாத்திரை கொடுத்தேன், கொடுத்தேன் என்றே சொன்னாள். மனம் நொந்துபோயிருந்தாள்.

"எங்க வீட்டுக்கு என்னமோ காத்துக் கருப்பு பட்டிருக்கு தாயி. இவுகளுக்கு இப்பிடி ஆயிருச்சு. கருப்பருக்கு நேந்து விட்ட சேவல் ஒண்ணு, ஊரையே எழுப்புற சேவலு, கூவ மாட்டேங்குது. கொண்டையெல்லாம் சுருங்கி வெளுத்துப் போச்சு. கோழிகளத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. குப்பைமேட்டுல பொட்டை மாதிரி மேஞ்சுக்கிட்டுத் திரியுது."

நான் அவளை அப்படியே விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினேன். சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு மனிதர் சிரித்தார் பாருங்கள், கம்பவுண்டர் என்னமோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார். அந்த முன்கோபக்காரர் அப்படிச் சிரித்து நாங்கள் கேட்டதே இல்லை.

அம்பலகாரர் கட்டிலருகே போய் நின்றேன்.

"ஐயா, ஒங்க வீட்டுச் சேவல் எப்ப இருந்து கூவல?"

அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

"மாத்திரைய நாக்குக்கு அடியில ஒதுக்கிவச்சுக் குப்பைமேட்டுல துப்புனீங்களா? அதத்தான் சேவல் பொறுக்கித் தின்னுச்சா?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "ஆனியில புரவி எடுப்பு வருது தாயி."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அய்யனார் கோவிலுக்கு மண்குதிரை செய்து வைப்பதுதான் புரவி எடுப்பு. மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டில் குதிரை செய்து முடித்ததும் ஊரே சேர்ந்து சுமந்துகொண்டு கோவிலுக்குப் போவார்கள். அம்பலகாரர் முன்னால் நடக்க வேண்டும். கோவிலில் அவர் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். சாமிக்கு முன் சட்டை கிடையாது, மேல்துண்டும் இடுப்புக்கு இறங்கிவிடும். ஊர் முழுக்கப் பார்க்க வெற்று மார்போடு நிற்க வேண்டும்.

"ஊருணியில குளிக்கறப்ப எளவட்டப் பயலுக பாத்துட்டுச் சிரிக்கிறானுக. எம் பங்காளி சொல்லிக்கிட்டுத் திரியுறான், இந்த வருசம் அம்பலத்துக்கு ரவிக்கை தச்சுக் குடுக்கணும்னு. மாத்திரைய நிறுத்துனா மாரு வத்திரும்னு பாத்தேன். வத்தல. வலிய அன்னிக்கு ஒருநா தாங்கிக்கலாம்னு இருந்தேன். கால் போனாப் போவுது. ஆம்பளையா நின்னுட்டுச் சாவுறேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கிட்டு நிப்பீங்க? எழுந்து நில்லுங்க பாப்போம்! நிக்கிறதுக்குக் கால் வேணாமா? நடந்து வர முடியாத ஆளுக்கு எந்த ஊர்ல பரிவட்டம் கட்டுறாக? ஒங்களக் கட்டிலோட தூக்கிட்டுப் போவாகளா? அந்தப் பங்காளி தலையிலதான் கட்டுவாக. அவனுக்காகத்தான் மாத்திரையத் துப்புனீங்க, தெரிஞ்சுக்கங்க!"

சத்தம் போட்டது தப்பா என்றால் தப்பில்லை. பதவிசாகப் பேச அன்று நேரமில்லை. மாத்திரை இல்லாமல் போகிற ஒவ்வொரு வேளையும் அவர் காலைத் தின்றுகொண்டிருந்தது.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாவமாக இருந்தது, ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை.

என் சத்தத்துக்கு அடைக்கி உள்ளே வந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நேராகக் கட்டில் முன்னால் வந்து நின்றாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பாளா, சந்தேகம்தான்.

"மாரு இருந்தாக் கேவலமா? நாலு புள்ளை குடிச்சு வளந்த மாரு எனக்கும் இருக்கு. ஒங்க ஆத்தாளுக்கும் இருந்துச்சு. அதக் குடிச்சுத்தான அம்பலகாரரா வளந்தீங்க? அப்பவெல்லாம் கேவலமாத் தெரியலயா?"

அம்பலகாரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். நான் மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கினார். நான் விடவில்லை. "வாயத் தொறங்க, நாக்கைத் தூக்குங்க," என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

டாக்டர் வந்து உட்கார்ந்து, முதலில் வலியில் சொன்னதையெல்லாம் இப்போது நிதானமாக மறுபடி சொன்னார். இந்த மார்பு இனி வற்றாது, வேண்டுமானால் மதுரையில் கீறி எடுத்துவிடலாம் என்றார். மாத்திரையே பிடிக்காவிட்டால் விதையை எடுத்துவிடலாம், அதுவும் ஒரு வழி என்றார். மாத்திரையே போதும் என்று அம்பலகாரர் அவசர அவசரமாகச் சொன்னார். வார்டில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான்.

மாத்திரையின் அளவைக் கூட்டி, அசையாமல் படுக்கவைத்தோம். கால் பிழைக்குமா பிழைக்காதா என்று நான் தினமும் காலையில் போர்வையை விலக்கிக் கால் விரலை அசைக்கச் சொல்வேன். அசைத்துக் காட்டுவார். ஒருநாள் நான் கேட்பதற்கு முன்பே காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். வைகாசி முடிவதற்குள் நடந்தார். அதற்கப்புறமும் சில வருஷம் நன்றாக இருந்தார். கடைசியில் நெஞ்சுவலியில்தான் போனார். அந்த மாத்திரை இருதயத்துக்கும் நல்லதில்லை என்று பிற்பாடு படித்தேன். ஆனால் போகிற அன்று காலையில்கூட வயலுக்கு நடந்துதான் போயிருக்கிறார்.

புரவி எடுப்புக்கு டாக்டர் ஒரு நிபந்தனையோடு அனுப்பினார். குதிரைக்குத் தோள் கொடுக்கக் கூடாது, முதுகெலும்பு தாங்காது, முன்னால் நடக்க மட்டும்தான் அனுமதி. மதிய மாத்திரையோடு கூடவே நானும் போக வேண்டும்.

வேளார் வீட்டு முற்றத்தில் ஜனம் தாங்கவில்லை. சுண்ணாம்பும் காவியும் பூசிய குதிரைகள் வரிசையாக நின்றன. மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அம்பலகாரர் சட்டையோடுதான் வந்தார். கூட்டத்துக்கு நடுவில் நின்று, அவசரமே இல்லாமல் பொத்தான்களைக் கழற்றினார். சட்டையை அடைக்கி கையில் கொடுத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மேளம்கூட ஒரு நிமிஷம் தடுமாறியது. எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரியும் பார்த்தார்கள். பங்காளி முன்வரிசையில்தான் நின்றார்.

"என்ன அம்பலம்! ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் பால் குடுக்கப் போறீகளா?"

இளவட்டங்கள் களுக்கென்று சிரித்தன. அடைக்கி சட்டையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த ஆளை அறைந்தால் என்ன என்று இருந்தது.

அம்பலகாரர் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். "குடுக்கத்தான் போறேன். ஒனக்குத்தான் மொத. வா, வந்து குடி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலில் சிரித்த இளவட்டங்களும் இப்போது பங்காளியைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பு அடங்கவே இல்லை. பங்காளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கோ பார்த்தார்.

சிரிப்பு அடங்கும்வரை அம்பலகாரர் காத்திருந்தார். பிறகு என்னைத் தேடி, கூட்டத்துக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"நர்ஸம்மா! அந்த மாரு வளக்குற மாத்திரையக் கொண்டாங்க!"

கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது. மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்து, சாமி விபூதியைக் காட்டுவதுபோல் எல்லோருக்கும் தெரியப் பிடித்தார்.

"நல்லாப் பாத்துக்கங்க. நான் கட்டையில போகாம ஒங்க முன்னால காலூண்டி நிக்கிறது இதாலதான். எவனுக்காச்சும் ஒண்ணுக்குப் போறதுல கோளாறு இருந்தா வெக்கப்பட்டு வீட்டுல கெடக்காதீக. ஆசுபத்திரிக்குப் போங்க."

வேளார் செம்பில் தண்ணீர் கொடுத்தார். ஊர் பார்க்க மாத்திரையை வாயில் போட்டு, அண்ணாந்து குடித்தார். பிறகு நான் கேட்காமலே என் பக்கம் திரும்பி வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

குதிரைகளைத் தோளுக்கு ஏற்றினார்கள். அம்பலகாரர் முன்னால் நடக்க ஆரம்பித்தார்.